மோதிரத்துக்குக் கல் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அம்மாவுக்கு அறுபது முடிந்தபோது ஒரு மாணிக்க மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். நாலு காரட் கல், மாதுளை முத்து நிறம், விலையும் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு வருஷம் கழித்து விரலில் இறுக்குகிறது என்றார், தெருமுனைப் பட்டறையில் அளவைக் கூட்டித் தரச் சொல்லிக் கொடுத்தேன். ஆசாரி வழக்கம்போல வளையத்தை வெட்டி, ஒரு துண்டு சேர்த்து, பொடி வைத்து ஊதி, அமிலத்தில் முக்கி எடுத்தார். தங்கம் பளிச்சென்று வந்தது. கல் மட்டும் மேலெல்லாம் சிலந்திவலை மாதிரி வெள்ளைக் கோடுகளோடு வந்தது. அவரும் பதறிவிட்டார், லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "மாணிக்கம்தான் தம்பி, ஆனா விரிசல் பூரா கண்ணாடிய ஊத்தி அடைச்சிருக்கான்" என்றார்.

கடையில் என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. "ஒரிஜினல் மாணிக்கமா?" என்று கேட்டேன், "ஆமாம் சார்" என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கல்லின் பெயரைக் கேட்டு வாங்குகிறோமே தவிர, மண்ணிலிருந்து எடுத்த பிறகு அதற்கு என்னென்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை. விலையில் பாதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு சில வருஷமாகக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ராசிக்கு எந்தக் கல் என்ற பஞ்சாயத்துக்குள் நான் வரவில்லை, அது உங்களுக்கும் உங்கள் ஜோசியருக்கும் இடையே. அவர் நீலம் என்று சொன்னாலும் எந்த நீலம் என்று நீங்கள்தானே பார்க்க வேண்டும்.

முதலில், எங்கே போடப் போகிறீர்கள்?

காதில் தொங்குகிற கல்லும் விரலில் இருக்கிற கல்லும் ஒரே வாழ்க்கை வாழ்வதில்லை. மோதிரம் கதவுப் பிடியில் இடிக்கும், பாத்திரத்தில் உரசும், பைக் சாவியோடு சண்டை போடும். வீட்டுத் தூசியிலேயே மணல் துகள் இருக்கிறது, அதன் கடினம் மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை, வைரம்தான் 10) 7. அதற்குக் கீழே இருக்கிற எந்தக் கல்லும் தினமும் போட்டால் சில வருஷத்தில் மங்கிவிடும். முத்து, பவளம் இரண்டும் 4க்கு மேல் போவது அரிது, ஓப்பல் 6 பக்கம், சந்திரகாந்தக்கல் 6 அல்லது கொஞ்சம் மேலே. இதெல்லாம் காதுக்கும் கழுத்துக்கும் அருமையான கற்கள், தினசரி மோதிரத்துக்கு வேண்டாம். மாணிக்கமும் நீலமும் 9, தைரியமாக விரலில் போடலாம். ஸ்பைனல் என்று மாணிக்கம் மாதிரியே சிவப்பில் கிடைக்கிற வேறொரு கல் உண்டு, அது 8. மரகதம் கணக்குப்படி ஏழரைக்கு மேல்தான், ஆனால் உள்ளே விரிசல் இல்லாத மரகதம் அபூர்வம் என்பதால் ஒரு நல்ல இடி வாங்கினால் மூலை பெயர்ந்துவிடும். மரகதத்தை விசேஷ நாள் மோதிரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களை நம்பாதீர்கள்

புஷ்பராகம் என்று கேட்டால் ஒரு கடையில் மஞ்சள் நிற சஃபையரை (நீலத்தின் மஞ்சள் வகை) எடுத்து வைப்பார்கள், இன்னொரு கடையில் டோபாஸ் வரும், மூன்றாவது கடையில் சிட்ரின். மூன்றும் வேறு வேறு கல், விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. 'சிர்கான்' என்று நம் ஊர் நகைக்கடையில் சொல்வது பெரும்பாலும் க்யூபிக் சிர்கோனியா, ஆலையில் செய்தது. உண்மையான சிர்கான் என்று பூமியில் விளைகிற கல் வேறே இருக்கிறது, பாவம், பெயரைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது. பெயர்க் குழப்பம் ராஜாக்களையே விட்டதில்லை. பிரிட்டிஷ் கிரீடத்தின் முன்பக்கத்தில் இருக்கிற 'பிளாக் பிரின்ஸ் ரூபி' மாணிக்கமே இல்லை, சிவப்பு ஸ்பைனல். அதனால் தமிழ்ப் பெயரோடு கனிமப் பெயரையும் கேளுங்கள்: மாணிக்கமும் நீலமும் கொரண்டம், மரகதம் பெரில், கோமேதகம் கார்னெட் வகை, வைடூரியம் கிரைசோபெரில். பில்லில் இந்தப் பெயர் வரட்டும்.

நிறம்: கடையை விட்டு வெளியே வாருங்கள்

கலர் கல்லில் விலையைத் தீர்மானிப்பது முதலில் நிறம்தான், மற்றதெல்லாம் அப்புறம். கடைக்குள் இருக்கிற வெளிச்சமோ கல்லை அழகாகக் காட்டுவதற்கென்றே போட்டது. சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எதை வைத்தாலும் மின்னும், சோடா பாட்டில் உடைசலை வைத்தாலும் மின்னும். கல்லைப் பொட்டலக் காகிதத்திலிருந்து எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, வாசல் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், காலை பத்து மணிக்கு மேல் நிழலில் விழுகிற வெளிச்சம்தான் சரி. வெளியே எடுத்துவர விடமாட்டோம் என்கிற கடையில் எனக்கு வேலை இல்லை. ஒரு ஆள் கூடவே வரட்டுமே, யார் வேண்டாம் என்றது.

வெளிச்சத்தில் மூன்று விஷயம் பாருங்கள். நிறம் எது, அதில் வேறு சாயல் கலந்திருக்கிறதா என்பது ஒன்று: நீலத்தில் பச்சை எட்டிப் பார்த்தால் விலை இறங்கும், மாணிக்கத்தில் பழுப்பு தெரிந்தாலும் அப்படியே. எவ்வளவு அடர்த்தி என்பது இரண்டாவது. இங்கேதான் புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள், அடர்த்தியாக இருந்தால் உசத்தி என்று நினைத்து மசி மாதிரி இருக்கிற நீலத்தை எடுத்துவிடுவார்கள். கடையில் கருநீலம், கல்யாண மண்டபத்தில் வெறும் கறுப்பு. இரும்பு அதிகம் இருக்கிற ஆஸ்திரேலிய நீலங்களில் பல இப்படித்தான். இலங்கை நீலத்துக்குப் பெயர் வந்ததே அது கொஞ்சம் வெளிறினாலும் வெளிச்சத்தை உள்ளே விடுகிற கல் என்பதால்தான். மூன்றாவது, நிறத்தில் உயிர் இருக்கிறதா, இல்லை சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதா. இதை வார்த்தையில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஒரே சைஸில் ஐந்து கல்லை வரிசையாக வைக்கச் சொல்லிப் பாருங்கள், சாம்பல் பூத்தது தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக் கல்லைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று. மாணிக்கம் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அழகு கூடித் தெரியும், நீலம் அதே வெளிச்சத்தில் சோர்ந்துவிடும். அதனால் மாணிக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் ஜெயிக்கிறதா என்று பாருங்கள், நீலத்தைப் பகலிலும் பார்த்துவிட்டு மஞ்சள் விளக்கிலும் ஒரு தடவை பாருங்கள். நகையைப் போட்டுக்கொண்டு போவது பெரும்பாலும் ராத்திரி ரிசப்ஷனுக்குத்தானே.

நீலத்தில் ஒரு கைவேலை உண்டு, அதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது வியந்துபோனேன். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். ஓரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன், முக்கால்வாசிக் கல் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது, அடிமுனையில் மட்டும் மிளகளவு ஒரு நீலப் பொட்டு. இலங்கையில் கிடைக்கிற கல்லில் நிறம் அங்கங்கே பட்டை பட்டையாகத்தான் நிற்கும், பட்டை தீட்டுகிறவர் அந்த நிறத்தை அடிமுனைக்கு வரும்படி திருப்பி வெட்டினால் வெளிச்சம் உள்ளே போய் அதில் பட்டுத் திரும்பி, கல் முழுக்க நீலமாகிவிடும். இது மோசடி இல்லை, திறமை. ஆனால் முழுக்க நிறம் பாய்ந்த கல்லின் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் சாய்த்தால் நிறம் ஓடிவிடுகிறதா என்றும் பாருங்கள்.

வெட்டு

கல்லை முகம் மேலே இருக்கும்படி செய்தித்தாள் மேல் வையுங்கள். நடுவே எழுத்தைப் படிக்க முடிகிறதா? அப்படியென்றால் அடிப்பக்கம் தட்டையாக வெட்டியிருக்கிறார்கள், வெளிச்சம் திரும்பி வராமல் ஜன்னல் வழியாகப் போகிற மாதிரி போய்விடுகிறது. இந்தத் துறையிலும் அதற்கு ஜன்னல் என்றுதான் பெயர். அந்தக் கல் கையில் போட்டால் நடுவில் தோல் தெரிகிற மாதிரி வெளுத்து நிற்கும்.

இதற்கு நேர் எதிரான தப்பு, தொப்பை. எடைக்குத்தானே காசு, அதனால் அடிப்பக்கத்தைச் செதுக்காமல் உருண்டையாக விட்டுவிடுவார்கள். ஒன்றரை காரட் என்று வாங்கி வருவீர்கள், மேலிருந்து பார்த்தால் ஒரு காரட் கல்லின் முகம்தான் இருக்கும், மீதி அரை காரட் மோதிரத்துக்குள் ஒளிந்திருக்கும். காரட்டோடு மில்லிமீட்டரையும் கேளுங்கள். சரியாக வெட்டிய வட்ட நீலம் ஒரு காரட்டுக்கு 6 மில்லிமீட்டர் வரும். மரகதம் அடர்த்தி குறைந்த கல், அதனால் அதே ஒரு காரட் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், உலகம் முழுக்க அதுதான். 'ரத்தி' என்கிற பழைய எடைக் கணக்கு கடைக்குக் கடை மாறும், ரத்தியில் விலை சொன்னால் காரட்டில் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

பணம் மிச்சம் பிடிக்க ஒரு வழி: 1, 2, 3 என்று முழு எண்ணைத் தொடும்போது காரட் விலையே ஒரு தாவு தாவும். 0.95 காரட்டும் 1.05 காரட்டும் விரலில் ஒன்றுதான், விலையில் இல்லை.

லென்ஸ் வழியாக

பத்து மடங்கு பெரிதாக்குகிற சின்ன லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும், நம் ஆட்கள் பூதக்கண்ணாடி மாதிரி தூரத்தில் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

உள்ளே ஏதாவது இருந்தால் உடனே முகம் சுளிக்காதீர்கள். வைரத்தில் பார்க்கிற சுத்தத்தை மாணிக்கத்திலும் மரகதத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஊசி ஊசியாகப் பட்டு நூல் மாதிரி மெல்லிய இழைகள், விரல்ரேகை மாதிரி வரிகள் எல்லாம் பூமியில் விளைந்ததற்கு நல்ல அடையாளம். உள்ளே கோடுகள் வளைந்து வளைந்து, பழைய இசைத்தட்டில் இருக்கிற மாதிரி ஓடினால், அது உருக்கிச் செய்த செயற்கைக் கல். உருண்டைக் குமிழி இருந்தால் கண்ணாடி, அல்லது செயற்கைக் கல், இல்லையென்றால் என் அம்மாவின் மோதிரம் மாதிரி கண்ணாடி அடைத்தது. அடைத்த மாணிக்கத்தை மெல்லச் சாய்த்தால் சிவப்புக்குள் ஒரு நீலப் பளிச்சிடல் வந்து போகும். பின்னாளில் அந்தக் கெட்டுப்போன கல்லிலேயே அதைப் பார்த்தேன், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். உள்ளே இருக்கிற புள்ளியை மன்னித்துவிடலாம், ஓரத்துக்கு வந்து மேல்பரப்பைத் தொடுகிற விரிசலை மட்டும் மன்னிக்காதீர்கள், கல் கட்டும்போது அங்கேதான் உடையும்.

குற்றமே இல்லாத, பெரிய, பச்சைப் பசேலென்ற மரகதம் குறைந்த விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், கடையை விட்டு இறங்குங்கள்.

பாலில் போட்டால் பால் நீலமாகிறதா என்று பார்ப்பது, மூச்சு விட்டுப் பனி படிகிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் விட்டுவிடுங்கள். பாலில் நீலக் கண்ணாடியைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். தலையணைக்கு அடியில் நீலத்தை வைத்து மூன்று ராத்திரி தூங்கிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் நான் ஆதரிக்கிறேன், அந்தச் சாக்கில் கடைக்காரர் கல்லைக் கொடுத்தனுப்புவார், பகலில் அதைக் கல் பரிசோதிக்கிற லேபில் காட்டிவிடலாம்.

கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

இதுதான் முக்கியம், இங்கே நிதானமாகப் படியுங்கள்.

சூடு காட்டுவது சாதாரணம். சந்தையில் இருக்கிற நீலமும் மாணிக்கமும் பெரும்பாலும் உலையில் வெந்து வந்தவைதான். இலங்கையில் 'கெவுட' என்று ஒரு கல் உண்டு, பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதைச் சல்லிசாக அள்ளிக்கொண்டு போய், 1,500 டிகிரி செல்சியசுக்கு மேலே சூடாக்கி, அருமையான நீலமாக மாற்றி விற்றார்கள். கல்லுக்குள் இருக்கிற டைட்டானியம் இழைகள் சூட்டில் கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலம் கொடுக்கின்றன. இப்படி வந்த நிறம் நிலையானது, போகாது, வாங்கலாம். சூடு காட்டாமலே நல்ல நிறத்தில் இருக்கிற கல்லுக்குத்தான் பல மடங்கு விலை, அந்த விலை கேட்டால் ஆதாரம் கேளுங்கள்.

மரகதத்துக்கு எண்ணெய் ஏற்றுவதும் பழைய வழக்கம். விரிசலுக்குள் எண்ணெய் போனால் விரிசல் மறையும். கொஞ்சம் எண்ணெய் பரவாயில்லை, நிறைய என்றால் பாதி விலைக்குக்கூட யோசிக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் ஒருநாள் காயும்.

வெளியிலிருந்து நிறத்தை ஏற்றுவது அடுத்தது. டைட்டானியத்தை ஏற்றினால் நிறம் தோல் அளவுக்குத்தான் நிற்கும், மறுபடி பட்டை தீட்டினால் போய்விடும். பெரிலியம் ஏற்றியது உள்வரை போகும், 2000களின் தொடக்கத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் சந்தையில் திடீரென்று குவிந்தது இதனால்தான். லென்ஸில் கண்டுபிடிக்க முடியாது, பெரிய லேபில்தான் முடியும். விலை உயர்ந்த மஞ்சள் சஃபையர் வாங்குகிறவர்கள் இதைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

கடைசியாகக் கண்ணாடி. 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. ஏதோ பாறை மாதிரி இருக்கிற, விரிசல் நிறைந்த மட்டமான கொரண்டத்தைச் சுத்தம் செய்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி உள்ளே செலுத்துகிறார்கள். வெளியே வரும்போது நாலு காரட், ஐந்து காரட் மாணிக்கம், மாதுளை நிறம். பட்டறை நெருப்பு பட்டால் போச்சு, அமிலம் பட்டால் போச்சு, எலுமிச்சைச் சாறே போதும். இதை நூறு ரூபாய் நகையாக விற்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, மாணிக்க விலைக்கு விற்பதுதான் வயிற்றெரிச்சல்.

செயற்கைக் கல் தனிக் கதை. வெர்னோய் என்ற பிரெஞ்சுக்காரர் தூளை நெருப்பில் உருக்கி மாணிக்கம் செய்கிற முறையை 1902இல் வெளியிட்டார், அதாவது நூறு வருஷத்துக்கு மேலாக இது புழக்கத்தில் இருக்கிறது. பாட்டி காலத்து அட்டிகையில் இருக்கிற சிவப்புக் கல் எல்லாம் ஜாதி மாணிக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது இதனால்தான். செயற்கைக் கல் கெட்டது இல்லை, கடினம் அதே 9, தினமும் போடலாம். செயற்கை என்று சொல்லி, செயற்கைக்கான விலைக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்வி "ஒரிஜினலா?" இல்லை. "சூடு காட்டியதா, எண்ணெயா, கண்ணாடி அடைத்ததா, நிறம் ஏற்றியதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் சொல்கிற முகத்தைப் பாருங்கள், பிறகு அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காகிதம்

நகையில் இருக்கிற ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்குத்தான், கல்லைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. கல்லுக்குத் தனியாக லேப் அறிக்கை வேண்டும், கடையே அச்சடித்துக் கொடுக்கிற பிளாஸ்டிக் அட்டை அறிக்கை ஆகாது. ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. மாதிரி கல் பரிசோதிக்கிற சர்வதேச நிறுவனங்கள் இருக்கின்றன, இலங்கையில் வாங்கினால் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக்கூடம் உண்டு. அறிக்கையில் கொட்டை எழுத்தில் 'இயற்கை மாணிக்கம்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள், கீழே குறிப்பு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், விஷயம் அங்கேதான். எடையும் அளவும் கையில் இருக்கிற கல்லோடு பொருந்துகிறதா, அறிக்கை எண் அந்த லேபின் இணையதளத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். சின்ன விலைக் கல்லுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை, கல்லின் விலை லேப் கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு என்றால் நான் செய்துவிடுவேன்.

'பர்மா மாணிக்கம்' என்ற வார்த்தைக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். மொசாம்பிக்கின் மான்டிபுயெஸில் 2009இல் கண்டுபிடித்த சுரங்கத்திலிருந்து இன்று அழகான மாணிக்கங்கள் வருகின்றன. ஊர்ப் பெயருக்கு விலை வேண்டுமென்றால் அதுவும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

கட்டக் கொடுக்கும்போது

முடிந்தவரை கல்லை உதிரியாக வாங்கி, பிறகு கட்டக் கொடுங்கள். அடி மூடிக் கட்டிய நகையில் கல்லுக்குக் கீழே வண்ணத் தகடு வைத்திருந்தால் எந்தக் கல்லும் ஜொலிக்கும், நம் கெம்பு நகைகளின் அழகே அதுதான், ஆனால் அதில் கல்லின் தரத்தைப் பார்க்க வழியில்லை. ராசிக்கல் மோதிரத்தை அடி திறந்து கட்டச் சொல்வார்கள், தோலில் பட வேண்டும் என்று. காரணம் எதுவாக இருந்தாலும் நல்ல பழக்கம், கல்லையும் திருப்பிப் பார்க்கலாம், சோப்புக் கறையையும் சுத்தம் செய்யலாம்.

கொடுக்கும் முன் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள், லென்ஸ் வழியாக ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், உள்ளே இருக்கிற அந்தப் புள்ளியும் ரேகையும்தான் உங்கள் கல்லின் மச்சம். திரும்பி வரும்போது அதே மச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். மரகதத்தையும் முத்தையும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட யாரையும் விடாதீர்கள்.

அம்மாவுக்கு இப்போது ஒன்றேகால் காரட்டில் ஒரு சிவப்பு ஸ்பைனல், முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, வாசல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கியது. போன மாதம் அதுவும் இறுக்குகிறது என்றார். அதே பட்டறைக்குப் போனேன். ஆசாரி கையை நீட்டவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மொதல்ல சொல்லுங்க, இது என்ன கல்லு?" என்றார்.